வைகவுண்ட் செய்கிறேன், தாத்தா "மிக்ஸி சத்தம்" என்கிறார். டார்ட் எஞ்சினை எக்ஸ்-பிளேனில் எப்படிக் கொண்டுவருவது?

தண்டையார்பேட்டை_பைலட் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன் நான். முதல் பதிவே நீளமாகத்தான் வரும் போலிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்கக் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கணினியில் ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மாடல் செய்யும் மென்பொருளைத் திறப்பேன். எக்ஸ்-பிளேன் 12 என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுக்காக விக்கர்ஸ் வைகவுண்ட் விமானத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். இந்தியன் ஏர்லைன்ஸ் 1957-இல் பறக்கவிடத் தொடங்கிய 768டி வகை. (எழுத்தில் எஸ் இருக்கும், வாயில் வராது. அதனால் விஸ்கவுண்ட் என்று திருத்த வேண்டாம்.) முடிந்ததும் இலவசமாகவே தருவேன். இதில் காசு பார்க்கிற ஆசையெல்லாம் இல்லை.

ஏன் வைகவுண்ட் என்றால், தாத்தாதான் காரணம். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், வயது 84. இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை. அறுபதுகளில் சங்கத் தலைவர் ஒருவரை வழியனுப்ப லாரி பிடித்து மீனம்பாக்கம் போனார்களாம். தலைவர் என்ன பேசினார் என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. அங்கே நின்ற விமானத்தை மட்டும் மறக்கவில்லை. நான்கு விசிறி, முட்டை வடிவத்தில் சன்னல். வீட்டில் அதற்குப் பெயரே "முட்டை சன்னல் ப்ளேன்". நான் ஒன்பதாவது படிக்கும்போது மூர் மார்க்கெட்டில் பழைய ஆங்கில விமானப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். அட்டை கிடையாது. தாத்தா அதைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் விரலை ஊன்றி "இதான்டா" என்றார். படத்தின் கீழே வைகவுண்ட் என்று இருந்தது.

எங்கள் பக்கம் விமானங்கள் தாழப் பறக்காது. கிண்டி, ஆலந்தூர்க்காரர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. எங்களுக்கு வாய்த்தது துறைமுகத்துக் கிரேனும் கண்டெய்னர் லாரியும். அதனாலோ என்னவோ, அந்த ஒரு பக்கத்தை நான் விடவேயில்லை.

முதலில் செய்த மாடல் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு போனது. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர், சிபியு இருந்தது தரையில். பென் டிரைவில் மிஞ்சியது ஒரு மூக்கும் ஒன்றரை இறக்கையும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுபடி ஆரம்பித்தபோதுதான் பழைய மாடலே தப்பு என்று புரிந்தது. முன்னால், பக்கவாட்டில், மேலே என மூன்று திசையிலிருந்து காட்டும் வரைபடம் ஒன்றை இணையத்தில் எடுத்து, அதை வைத்து இழுத்திருந்தேன். அது நீளம் கூட்டிய 800 வகையின் வரைபடம். என் விமானம் நான்கு அடி கூடுதலாக நின்றிருக்கிறது!

இரண்டாவது தடவை வரைபடத்தை நம்பவில்லை. இறக்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 93 அடி எட்டரை அங்குலம். சன்னல் 26 அங்குல உயரம், 19 அங்குல அகலம். இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, புகைப்படத்தில் சன்னலுக்குச் சன்னல் எண்ணி உடம்பை அளந்தேன். பேனர்காரனுக்கு அடியும் அங்குலமும்தானே கைவந்த கணக்கு. வால் சிறகு இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதை முதல் மாடலில் கவனிக்கவேயில்லை. இப்போது அதுவும் சரி. ஆணித்தலைகளை ஒவ்வொன்றாக வடித்தால் என் பழைய கிராஃபிக்ஸ் கார்டு புகைந்துவிடும் என்பதால் அவை நார்மல் மேப்பில் (மேடுபள்ளம் இருப்பதுபோல் காட்டும் படத்தில்) மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தாவைக் கடைக்குக் கூட்டி வந்து காட்டினேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது, நன்றாகவே பார்க்கிறார். சன்னலைப் பார்த்துச் சிரித்தார். எஞ்சினை ஓடவிட்டேன். முகம் மாறிவிட்டது. "என்னடா இது மிக்ஸி சத்தம்? அது இப்படி இருக்காது. பின்னி மில் சங்கு ஊதுற மாதிரி கீழேர்ந்து ஏறி வரும்."

அதுதான் என் கேள்வி. வைகவுண்டில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் எஞ்சின். நான் போட்டிருப்பது பொதுவான டர்போபிராப் (டர்பைன் விசிறியைச் சுற்றுகிற எஞ்சின்) ஒலி. நல்ல ஒலி எங்கே கிடைக்கும்? கூடவே இரண்டு சந்தேகம். ஒன்று, த்ராட்டிலைக் குறைத்தாலும் விசிறியின் ஆர்.பி.எம். அப்படியே நிற்கிறது. இன்னொன்று, தரையிறங்கிய பிறகு வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன், நின்றது. ஆனால் அது சரியா என்று தெரியவில்லை.

—

ஏ320_மட்டும் எழுதியது:

உழைப்பு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் எழுபது வருடத்துக்கு முந்தைய விமானத்தை யார் ஓட்டப் போகிறார்கள்? இதே உழைப்பைச் சென்னை விமான நிலையத்துக்குப் போட்டிருந்தால் ஆயிரம் பேர் இறக்கியிருப்பார்கள். அப்படி பிரிட்டிஷ் விமானம்தான் வேண்டுமென்றால் ஆவ்ரோ 748 செய்யுங்கள். அதையாவது கான்பூரில் நம் ஆட்கள் கட்டினார்கள்.

—

கொருக்குப்பேட்டை_கேட் எழுதியது:

மேலே சொன்ன நண்பருக்கு: ஆயிரம் பேருக்காகச் செய்கிறார் என்று அவர் எங்கே சொன்னார்? ஒருவருக்காகச் செய்கிறார். அந்த ஒருவர் குறை சொல்லிவிட்டார். அதுதான் இங்கே பிரச்சினை.

பைலட் தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை மூன்றும் ஒரே கேள்வி. எக்ஸ்-பிளேனோடு வரும் விமானம் அமைக்கும் கருவியான பிளேன் மேக்கரில் எஞ்சின் வகையைத் திறந்து பாருங்கள். ஃப்ரீ டர்பைன் என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

பிடி6 மாதிரியான ஃப்ரீ டர்பைன் எஞ்சின்களில் காற்றை அமுக்குகிற பகுதி ஒரு தண்டில் சுற்றும், விசிறியை இழுக்கிற டர்பைன் வேறு தண்டில் சுற்றும். நடுவில் இருப்பது சூடான காற்று மட்டும். நாம் ஓட்டுகிற சைக்கிள் மாதிரி. பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும். டார்ட் அப்படி இல்லை. குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளைப் பாருங்கள், பெடல் முன்சக்கரத்திலேயே இருக்கும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே ஆகவேண்டும். டார்ட்டில் கம்ப்ரசர், டர்பைன், கியர் வழியாக விசிறி எல்லாம் ஒரே தண்டு. கம்ப்ரசர் நிமிடத்துக்கு 14,500 சுற்று சுற்றினால் விசிறி அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுற்றும். அந்த விகிதம் எப்போதும் மாறாது.

ஆகவே முதல் வேலையாக ஃபிக்ஸட் டர்பைனுக்கு மாற்றுங்கள். அப்புறம் லுவா என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தேவைப்படும். இந்த எஞ்சினில் விசிறிக்கென்று தனி லீவர் கிடையாது. ஒரே லீவரை நகர்த்தினால் எரிபொருளும் கூடும், கவர்னர் (விசிறியின் சுற்றை ஒரே அளவில் வைக்கும் கருவி) பிடித்து நிற்க வேண்டிய ஆர்.பி.எம்.மும் கூடும். ஸ்கிரிப்ட்டில் த்ராட்டிலையும் விசிறியின் இலக்கு ஆர்.பி.எம்.மையும் கட்டிப்போடுங்கள். நேர்கோடாகக் கட்டாமல் வளைவாகக் கட்டுங்கள். மேல்பாதியில் லீவரைக் கொஞ்சம் அசைத்தால் ஆர்.பி.எம். கொஞ்சம்தான் மாற வேண்டும்.

ஒலிக்கு வருகிறேன். உங்கள் தாத்தா சொன்னது ஒலிப்பதிவில் உள்ள குறை மட்டும் இல்லை. இப்போது உங்கள் மாடலில் விசிறியின் ஆர்.பி.எம். மாறாததால் ஒலியும் ஒரே சுருதியில் நிற்கிறது. மிக்ஸி அப்படித்தான் இருக்கும். தண்டைச் சரிசெய்து, எஃப்மாட் என்ற ஒலி மென்பொருளில் அந்தக் கூவலின் சுருதியை எஞ்சின் ஆர்.பி.எம்.மோடு கட்டினால், ஸ்டார்ட் பண்ணும்போது தானாகவே கீழிருந்து ஏறி வரும்.

ஒலிப்பதிவுக்கு வைகவுண்டைத் தேடி அலைய வேண்டாம். ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப், ஆவ்ரோ 748, ஹெரால்ட், ஜப்பானின் ஒய்எஸ்-11, முதல் கல்ஃப்ஸ்ட்ரீம் எல்லாமே டார்ட்தான். கனடாவில் ஓடிய 748 சரக்கு விமானங்களை வெளியே நின்று எடுத்த பதிவுகள் நிறைய உண்டு. ஒன்றை எடுத்து அப்படியே போடாதீர்கள். பதிவு செய்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

(இதை ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு அடித்தேன். மூன்றாவது கூட்ஸ் போகிறது. இன்னும் திறக்கவில்லை.)

—

பெரம்பூர்_பெரியவர் எழுதியது:

தம்பிக்கு வாழ்த்துகள். எனக்கு 76 வயது. மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வைகவுண்ட் போய்விட்டது. ஆனால் ஃப்ரெண்ட்ஷிப்பிலும் ஆவ்ரோவிலும் டார்ட்டோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். கேட் தம்பி தண்டைப் பற்றிச் சொன்னது சரி. ஓட்டினால் தெரியாத, பக்கத்தில் நின்றால் மட்டும் தெரிகிற சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் ரிவர்ஸ். அதை எடுத்துவிடுங்கள். டார்ட் விசிறிக்கு ரிவர்ஸ் கிடையாது. இருப்பது கிரவுண்ட் ஃபைன் பிட்ச். இலைகள் ஏறக்குறைய தட்டையாகத் திரும்பி, நான்கு பெரிய தட்டுகளைக் காற்றுக்கு எதிரே பிடித்த மாதிரி நிற்கும். அந்த இழுவையிலேயே பாதி வேகம் போய்விடும், மீதிக்குத்தான் பிரேக். இதற்கு ஒரு நிறுத்தி உண்டு. பறக்கும்போது இலை அந்த அளவுக்குத் தட்டையாகாமல் அது தடுக்கும், தரையைத் தொட்ட பிறகுதான் விலக வேண்டும். காற்றில் விலகினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் ஸ்கிரிப்ட்டில் சக்கரத்தில் எடை விழுந்ததா என்று பார்த்துவிட்டு மட்டும் திறக்கும்படி வையுங்கள். வண்டி நிற்காமல் ஓடுகிறது என்றீர்களே, இது இல்லாததால்தான்.

இரண்டாவது, வெயில். விளையாட்டுக்காரர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். மெட்ராஸில் மே மாதம் மதியம் 40 டிகிரி. காற்று மெலிந்து கிடக்கும். லண்டன் குளிரில் கொடுக்கிற அதே எரிபொருளை இங்கே கொடுத்தால் ஜெட் பைப் (எஞ்சினின் புகைபோக்கிக் குழாய்) வெப்பநிலை எல்லையைத் தாண்டிவிடும், டர்பைன் இலை தாங்காது. அதற்காக எரிபொருளைக் கூட்டிக் குறைக்க ஃப்யூயல் டிரிம் என்று ஒன்று இருக்கும். அட்டவணையில் வெளி வெப்பத்தையும் அழுத்த உயரத்தையும் (காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் உயரம்) பார்த்து எத்தனை சதவீதம் என்று எடுத்து, விமானி அதை வைப்பார். வெயில் ஏற ஏற டிரிம் இறங்கும். டிரிம் இறங்கினால் சக்தியும் குறையும். குறைந்ததை மீட்கத்தான் வாட்டர் மெத்தனால். தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கலவையை எஞ்சினுக்குள் பீய்ச்சுவார்கள், டேக் ஆஃபுக்கு மட்டும். உங்கள் காக்பிட்டில் அந்த ஸ்விட்சுகள் வெறும் படமாக இருந்தால், உங்கள் வைகவுண்ட் இங்கிலாந்தை விட்டு வரவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, ஸ்டார்ட். தரையில் பேட்டரி டிராலி கொண்டுவந்து சொருகுவோம். மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும், முதலில் ஒரு முனகல். விசிறி சோம்பேறித்தனமாக நகரும். ஹெச்.பி. காக் என்கிற எரிபொருள் அடைப்பானைத் திறந்து, எரிபொருள் பற்றிக்கொண்டதும் முனகல் ஊளையாகும், ஊளை கூவலாகும். முழு நிதானத்துக்கு வர அரை நிமிடம் போல எடுத்துக்கொள்ளும். காது அடைத்துவிடும். இரண்டு பெரிய சக்கர வடிவ இம்பெல்லர்கள் காற்றை வெளிப்பக்கமாக வீசி அமுக்குகிற எஞ்சின் அது, அந்தக் கூவல் அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஆனால் பின்னி மில் சங்கு என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானும் அந்தச் சங்குச் சத்தத்தில் எழுந்து பள்ளிக்கூடம் போனவன்தான்.

இன்னொன்று. வெளியேதான் இந்தக் கூப்பாடு, உள்ளே இல்லை. பிஸ்டன் எஞ்சின் டகோட்டாவில் வந்தவர்கள் வைகவுண்டில் ஏறியதும் எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்பார்களாம். மேஜையில் நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டுவார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பயணி அறையில் அதிர்வைக் குறைத்து வையுங்கள்.

—

ராயபுரம்_டு_ரெடிங் எழுதியது:

நான் ராயபுரம், இப்போது இங்கிலாந்தில் ரெடிங் பக்கம். டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் ஒரு வைகவுண்டும், வெய்பிரிட்ஜில் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இன்னொன்றும் இருக்கின்றன. வெய்பிரிட்ஜ் விக்கர்ஸ் தொழிற்சாலை இருந்த ஊர். இரண்டையும் பார்த்திருக்கிறேன், படம் வேண்டுமானால் எடுத்து அனுப்புகிறேன். ஆனால் ஜாக்கிரதை. டக்ஸ்ஃபோர்டில் இருப்பது 701, புரூக்லண்ட்ஸில் இருப்பது 806. உங்கள் 768டி 701-க்குத்தான் உறவு. கதவைப் பார்த்தாலே தெரியும், 700 வகையில் கதவும் முட்டை வடிவம், 800 வகையில் செவ்வகம். புரூக்லண்ட்ஸ் படத்தைப் பார்த்து உடம்பை வரைந்தால் மறுபடியும் அதே நான்கு அடி கூடிவிடும்.

701-க்கும் எஞ்சின் வேறு. பெயரில் உள்ள "டி" டார்ட் 510 போட்டது என்பதற்கான அடையாளம், 701-இல் இருப்பது அதற்கு முந்தைய 506. எஞ்சின் கூட்டைப் படம் பார்த்து வரையும்போது எந்த விமானத்தின் படம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

டக்ஸ்ஃபோர்டில் ட்ரைடன்ட் என்ற பழைய பிரிட்டிஷ் ஜெட் விமானம் ஒன்றும் நிற்கிறது. அதன் முன்சக்கரம் நடுவில் இருக்காது, இரண்டு அடி இடதுபக்கம் தள்ளி இருக்கும். மாடல் செய்கிறவர் தூக்கத்தில் செய்தாரோ என்று நினைக்க வைக்கும். நிஜத்திலேயே அப்படித்தான். சக்கரத்தைப் பக்கவாட்டில் மடக்கினார்கள். அடுத்து அதைச் செய்கிறீர்களா?

—

தண்டையார்பேட்டை_பைலட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்துப் பதில் போடுகிறேன், முகூர்த்த சீசன், பேனர் வேலை தலைக்கு மேல் ஏறிவிட்டது.

ஏ320 நண்பருக்கு: ஆவ்ரோ நல்ல யோசனை, கான்பூரில் எச்.ஏ.எல். 89 கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் தாத்தா பார்த்தது அது இல்லையே.

கேட் அண்ணா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். ஃப்ரீ டர்பைன்தான் இருந்தது. மாற்றியதும் முதல் தடவை நான்கு எஞ்சினும் ஸ்டார்ட் ஆகவே மறுத்தன. விசிறி இலைகள் தட்டையாக இல்லாமல் கனமாக நின்றதால் தண்டு சுற்ற முடியவில்லை. ஸ்டார்ட்டுக்கு முன்பே கிரவுண்ட் ஃபைனில் வைத்ததும் எழுந்துகொண்டது. த்ராட்டில் வளைவுக்கு மட்டும் நான்கு ராத்திரி போனது. தரையிறங்கினால் இப்போது வண்டி நிற்கிறது, ரிவர்ஸை எடுத்துவிட்டேன்.

பெரம்பூர் ஐயா, உங்கள் பதிவைப் பிரிண்ட் எடுத்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஃப்யூயல் டிரிம் வேலை செய்கிறது. வெப்பத்தை 40 என்று வைத்து, வாட்டர் மெத்தனால் இல்லாமல் மீனம்பாக்கத்தில் கிளம்பிப் பார்த்தேன். எழும்பியது, ஆனால் மனசில்லாமல். மெத்தனால் போட்டதும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. அட்டவணையின் எண்கள் இன்னும் என் ஊகம்தான். உங்களிடம் பழைய நோட்டு ஏதாவது இருந்தால் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரலாமா?

ரெடிங் அண்ணா, 701 கதவின் கீல் பக்கம் ஒரு படம், எஞ்சின் கூட்டின் அடியில் ஒரு படம் போதும். ட்ரைடன்ட் பேச்சை எடுக்காதீர்கள், வீட்டில் அடிப்பார்கள்.

நேற்று தாத்தாவை மறுபடி உட்கார வைத்தேன். இந்தத் தடவை பழைய ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, கச்சேரிக்குக் கொடுக்கிற பக்கத்துக் கடைக்காரரின் பெரிய ஸ்பீக்கரை இரவல் வாங்கி வைத்தேன். முதல் எஞ்சின் முனகி, ஊளையிட்டு, கூவி ஏறியது. டீக்கடையில் நின்றவர்கள் ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது எஞ்சின், மூன்றாவது. நான்காவதும் ஏறி நின்ற பிறகு திரையில் கதவுப் பக்கம் விரலை நீட்டினார்.

"படிக்கட்டு தள்ளிட்டு வருவானே, அவன் எங்க? தலைவர் எப்படி ஏறுவாரு?"

அறுபதுகளில் மீனம்பாக்கத்தில் ஓடிய படிக்கட்டு வண்டியின் படமோ அளவோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கையால் தள்ளுகிற வகை என்கிறார்.